பதினெட்டு மஞ்சள் கயிறுகள்

இந்த விவகாரத்தை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம்தான். நாணு சொல்லிக் கேட்டது பாதி, பேராச்சி சொல்லிக் கேட்டது பாதி. இரண்டு பேரும் ஒரே வியாழக்கிழமையை இரண்டு வியாழக்கிழமையாகச் சொல்வார்கள். அதிலும் பிள்ளையாரைக் கடலில் கரைக்கும் கணபதி விசர்ஜன் அன்று நாணு ஒரு டாக்டரிடம் போனில் சொன்னது என்ன என்பதை, நான் கேட்ட ஒவ்வொரு முறையும் அவர் கொஞ்சம் மாற்றிச் சொன்னார். பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர். நினைவு அப்படி. ஆகவே சில இடங்களில் பேச்சு முன்பின்னாக இருக்கலாம். கயிறுகளின் எண்ணிக்கையில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது. பதினெட்டு.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காலை பத்து மணி. தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் தோல் பை தைக்கும் பட்டறை. அதற்கு மேலே ஓர் அறை, ஏறுவதற்கு இரும்பு ஏணி. ஏணியின் அடியில் நின்று நாணு மேலே பார்த்தார். அறுபத்தொரு வயது, மாட்டுங்கா வாசி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் பொய் க்ளெய்ம்களைப் பிடித்தவர். ரிட்டயர் ஆன பிறகும் ஜனங்கள் தேடி வந்தார்கள். போர்டு கிடையாது, ஆபீஸ் கிடையாது, பேச்சும் அதிகம் கிடையாது.

"கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சு ஏறுங்க சார். விழுந்தா க்ளெய்ம் கெடையாது" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

அதுதான் பேராச்சி. அதே சந்தில் மோட்டார் காயில் சுற்றும் கடை வைத்திருப்பவள். ஒரு பழைய கேஸில், எரிந்துபோன பன்னிரண்டு மோட்டார்களை முகர்ந்து பார்த்தே எது தானாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று பிரித்து வைத்தாள். அன்றிலிருந்து நாணுவின் கையாள். அவருடைய மௌனத்துக்கும் சேர்த்து அவளே பேசுவாள்.

அறையில் பிரேமலதா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முப்பத்திரண்டு வயது. ஒன்றரை வருஷமாக டிப்ரஷன். மாத்திரைகள் கேட்கவில்லை; தலையில் காந்தத் துடிப்பு கொடுக்கும் மெஷின் சிகிச்சையும் பார்த்தாயிற்று. அவளுடைய அக்கா விஜயலட்சுமிதான் கீழே பட்டறையில் பை தைத்துக்கொண்டு இவளையும் பார்த்துக்கொள்கிறாள். நாணுவை வரவழைத்தது அவள்தான். வாசலில் பிரேமலதாவின் புருஷன் செல்வம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தூங்காத முகம்.

"நாளைக்கு மத்தியானம் ரயிலு சார்" என்றான் செல்வம். "ஊர் பக்கம் ஒரு கோயில்ல இந்த மாதிரி ஆளுகள வச்சிப் பாத்துக்கிடுவாவ. கட்டிப் போட்டாவது பாத்துக்கிடட்டும். நான் ட்யூட்டிக்குப் போனா வந்து பாக்க ஆளில்ல. இவ என்னமும் பண்ணிக்கிட்டான்னா?"

"கட்டிப் போடறதா?" என்றார் நாணு.

"அந்த மேக்னெட் மெஷினே கை விட்டுட்டு சார். அதுக்கு மேல என்ன இருக்கு?"

சுவரைப் பார்த்தபடியே பிரேமலதா பேசினாள். தூரத்திலிருந்து வருவது போன்ற குரல். "நானே போறேன்னுதான் சொல்லிட்டேன். முப்பது நாள் மெஷின் வச்சாவ. சில மூளைக்கு அது ஏறாதாம். டாக்டரம்மா சொன்னாவ. என் மூள அப்படிப்பட்டது போல."

விஜயலட்சுமிக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. "ஏறாதுன்னா மொதல்லயே ஏறாம இருந்திருக்கணும்லா? மொத ரெண்டு வாரத்துல இவ தானா தல சீவினா சார். டீ கேட்டா. மிக்சி சத்தத்துக்குப் பயந்து சிரிச்சா. பேராச்சியக்கா பாத்தாவ. பொறவு எப்படி அப்படியே கீழ போனா? அத மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. மெஷின்ல கோளாறா, இவகிட்ட கோளாறா? இவகிட்டதான்னா நானே ரயில் ஏத்தி விடுதேன்."

நாணு தரையில் உட்கார்ந்தார். கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"பிரேமலதா, மெஷின் வெச்சா எப்படி இருக்கும்? அதை மட்டும் சொல்லும்மா."

"மொதல்ல நெத்தியில மரங்கொத்தி கொத்துற மாதி இருக்கும். புருவம் துடிக்கும். மொத நாளு அளவு பாக்கணும்னு எங்கயோ வச்சாவ, கட்டவெரல் தானா துள்ளுச்சு." ஒரு மூச்சு விட்டாள். "பொறவு கொத்தல. டக் டக்குனு சத்தம் மட்டும் கேக்கும். பழகிட்டுன்னு நெனச்சேன்."

நாணுவுக்கு அந்தக் கட்டைவிரல் தெரியும். அவருடைய தம்பி மாதவுக்கும் அதே க்ளினிக்கில், அதே நாற்காலியில், முதல் நாள் அது துள்ளியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். பதினாறு மாதம் வாய் திறக்காமல் படுத்திருந்த மாதவ், "அண்ணா, இது நான் ஆட்டலை" என்று அன்றுதான் பேசினான்.

"க்ளினிக் காகிதம் எல்லாம் இருக்கா?"

விஜயலட்சுமி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தாள். ட்ரஸ்ட் கார்டு, டாக்டர் சீட்டு, அவற்றுக்கு அடியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. மஞ்சள் தேய்த்த தாலிக் கயிறுகள்.

"என்னட்டி இது? தெருவுக்கே கல்யாணம் பண்ணி வைக்கப் போறியா?" என்றாள் பேராச்சி.

"போங்கக்கா. மெஷின்ல உக்காருமுன்ன ஹேர்பின், கம்மல், மூக்குத்தி, செயின் எல்லாம் கழத்தி ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல போடணும். இரும்பு இருக்கப்படாதாம். இவ தாலிச் செயின்ல நாலு ஊக்கு கெடக்கும். தாலியோட கழத்தணும்னா வெறும் கழுத்தால்லா இருக்கும்? அதுக்குத்தான், அந்த வாசல்லயே ஒரு மஞ்சக் கயித்தக் கட்டி விட்டுட்டு செயினக் கழத்துவேன். அவுத்த கயித்த மறுபடி கட்டப்படாது. முப்பது நாளைக்கு முப்பதா வாங்கிட்டேன்."

நாணு அந்தக் கட்டைக் கையில் வாங்கினார். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"பதினெட்டு இருக்கு."

"ஆமா. பன்னெண்டு நாளைக்குத்தான் கட்டினேன். பொறவு அந்தப் பிள்ள, ஷ்ருதி, மெஷின் ஓட்டுமே, அதுவே 'தாலி எல்லாம் கழட்ட வேணாம் தீதீ, அப்படியே உக்காருங்க'ன்னுட்டு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டு சார். நம்ம மனசறிஞ்ச பிள்ளன்னு சாக்லேட் வாங்கிக் குடுத்தேன்."

"ஹேர்பின்?"

"அதையும் எடுக்கச் சொல்லல."

"எந்த நாள்லேர்ந்து?"

"கணபதி கரைக்கிற அன்னைக்கு லீவு. மறுநாள்லேர்ந்து."

மறுநாள். அந்தத் தேதி நாணுவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாதவின் முதல் நாள் அது.

கயிற்றுக் கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "செல்வம், டிக்கெட்டைக் கிழிச்சுடாதே. நாளைக்குக் காலம்பற வரைக்கும் டயம் கொடு."

*

ஆட்டோ சயான் சர்க்கிளைத் தாண்டியது. பேராச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"சார், சயான் போயிட்டு, சுனாபட்டி வரப்போவுது. மீட்டர் மட்டுந்தான் பேசிக்கிட்டு வருது."

நாணு ரோட்டையே பார்த்தார்.

"நாந்தான ஒங்களுக்கு அந்த க்ளினிக்கச் சொன்னேன்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "எங்க சந்துல ஒருத்தி தல சீவிட்டா சார், ஒங்க தம்பிய அங்க கூட்டிட்டுப் போங்கன்னு. அவ தல சீவுனதப் பாத்துல்லா நீங்க போனீங்க."

"தெரியும்."

ஆட்டோ ஒரு சிக்னலில் நின்றது. பிறகு நாணு சொன்னார்: "மாதவ் பூணூல்ல பீரோ சாவி கோத்திருப்பான். தினமும் அதைக் கழட்டி அந்த டப்பாவில போட வெச்சா. ஒரு நாள் மறந்துட்டான், மெஷினையே ஆரம்பிக்க மாட்டேன்னுட்டா அந்தப் பொண்ணு. முப்பது நாளும் காலம்பற ஒன்பது மணிக்கு. பிரேமலதாவுக்கு மத்தியானம் ரெண்டு மணி. ஒரே ரூம், ஒரே நாற்காலி. காலம்பற ஒரு சாவி ஆகாது. மத்தியானம் நாலு ஊக்கும் ஹேர்பின்னும் ஆகும். எப்படி?"

பேராச்சி சிரிக்கவில்லை. பதில் சொல்ல அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"மெஷின் ஒண்ணு சார். தலையில வைக்கிற காயில் ரெண்டு."

*

செம்பூரில் மரங்கள் அடர்ந்த ஒரு ரோட்டில், இரண்டாவது மாடியில் க்ளினிக். ஒரு ட்ரஸ்ட் வாங்கிக் கொடுத்த மெஷின் அது. பாதிப் பேருக்கு இலவசமாகச் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. வாசலில் கல்வெட்டாகவே வைத்திருந்தார்கள். டாக்டர் ஸ்மிதா பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார். ஷ்ருதி மட்டும் இருந்தாள். இருபத்தாறு வயது, செம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"அரே, நாணு அங்கிள்! மாதவ் அங்கிள் ஓகேவா?"

"ஓகே. மூக்குக்கண்ணாடிக் கூட்டை இங்கே விட்டுட்டானாம். உள்ளே பார்க்கட்டுமா?"

கண்ணாடிக் கூடு மாதவின் பாக்கெட்டில் இருந்தது. ஷ்ருதிக்கு அது தெரியாது. உள்ளே அழைத்துப்போனாள்.

பல் டாக்டர் நாற்காலி போன்ற ஒன்று. பக்கத்தில் சக்கரம் வைத்த மெஷின். அதன் மேல் கொக்கிகளில் இரண்டு காயில்கள் தொங்கின. ஒவ்வொன்றும் எட்டு போல வளைந்து, தோசைக்கரண்டி போலக் கைப்பிடி வைத்து, அச்சில் வார்த்த மாதிரி ஒன்று போலவே இருந்தது. பேராச்சி கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

"ஏட்டி, மெஷினுக்கு யாரு பொட்டு வச்சது?"

ஒரு காயிலின் கைப்பிடியில் சின்னதாக, சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு இருந்தது.

ஷ்ருதியின் கை தன் நெற்றிக்குப் போய்த் திரும்பியது. "அது... மத்லப்... அடையாளத்துக்கு ஆன்ட்டி."

"ரெண்டும் ஒண்ணுதான? ஒண்ணுக்கு எதுக்கு அடையாளம்? ரெட்டப் பிள்ளையா, பேர் மாத்திக் கூப்பிட்டுருவோம்னு?"

பேராச்சி முந்தானையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றினாள். மேஜையில் இருந்த காகிதத் தட்டில் வைத்து நீட்டினாள். "பொட்டு வைக்காதத எடு. இது மேல வச்சு ஓட்டு."

"டாக்டர் இல்லாம ஓட்டக்கூடாது ஆன்ட்டி."

"டாக்டர் இல்லாம நீ ஒரு நாளும் ஓட்டினதே இல்லையா?" என்றார் நாணு. குரலை உயர்த்தவில்லை. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் கயிற்றுக் கட்டை எடுத்து நாற்காலியின் கைமேல் வைத்தார். "இது என்னன்னு உனக்குத் தெரியும். சாக்லேட் கொடுத்தாளே, அவளோடது."

ஷ்ருதி அந்தக் கயிறுகளைப் பார்த்தாள். மெஷினைப் போட்டு, பொட்டில்லாத காயிலைத் தட்டின்மேல் பிடித்தாள். டக் டக் டக் என்று சத்தம். ஊக்கு பேசாமல் கிடந்தது.

"இப்போ அடுத்தது."

பொட்டு வைத்த காயில். அதே சத்தம், அதே வேகம். முதல் டக்கிலேயே ஊக்கு தட்டிலிருந்து எகிறி, சுவரில் பட்டுக் கீழே விழுந்தது.

ஷ்ருதி மெஷினை நிறுத்தினாள்.

"பொட்டு வச்சது ரியல்" என்றாள் ஷ்ருதி. "இன்னொண்ணு ரிசர்ச்சுக்காகச் செஞ்சது. சவுண்ட் மட்டும் வரும், உள்ளே ஒண்ணும் போகாது. ரிசர்ச்ல பேஷண்ட்கிட்ட முன்னாடியே சொல்லி சைன் வாங்குவாங்க, உங்களுக்கு எது வரும்னு தெரியாதுன்னு. இங்க யாருக்கும் சொல்லல. ரெண்டு நல்ல காயில் இருந்துச்சு அங்கிள். விசர்ஜனுக்கு முந்தின நாள் ஒண்ணு எரிஞ்சுபோச்சு. புதுசு வர மூணு மாசம். மீதி ஒண்ண நாள் முழுக்க ஓட்டினா சூடாகி அதுவும் போயிடும். மார்னிங் பேட்சுக்கு மட்டும் ரியல் வைன்னாங்க டாக்டர்."

"மத்தியானம் வர்றது?"

"ட்ரஸ்ட் பேஷண்ட்ஸ். பதினாலு பேர்."

பேராச்சி வெடித்தாள். "என் கடையில காயில் எரிஞ்சா எரிஞ்சிட்டுன்னு சொல்லித் திருப்பிக் குடுப்பேன். ஃபேன் சுத்துத மாதி சத்தத்த மட்டும் வச்சுக் குடுத்துட்டு, 'ஒன் வீட்டுக் காத்துதான் சரியில்ல'ன்னு சொல்லுவேனா? தாராவியில அப்படிச் சொன்னா கடைய உடைப்பான்! இங்க ஏசி போட்டுச் சொல்லுதாவ!"

"தாலியை ஏன் கழட்ட வேண்டாம்னு சொன்னே?" என்று கேட்டார் நாணு.

ஷ்ருதி அழ ஆரம்பித்தாள். "சும்மா சத்தம் போடற ஒண்ணுக்காக அவங்க தினம் வாசல்ல நின்னு கயிறு கட்டிக்கிட்டு இருந்தாங்க அங்கிள். கழட்டச் சொல்ல எனக்கு வாய் வரல."

விஜயலட்சுமி இரக்கம் என்று நினைத்தது இரக்கமேதான். நாணு பொட்டு வைத்த காயிலையும் கயிறுகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனார்.

*

டாக்டர் ஸ்மிதா வந்தபோது நாணு அவருடைய அறையில் உட்கார்ந்திருந்தார். ஸ்மிதாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் நாணுவின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவர். சின்ன வயதில் நாணுவின் வீட்டு மாடியில் பாட்டு கற்றுக்கொள்ள வந்தவர்.

"நாணு மாமா! சொல்லாம வந்துட்டேளே. மாதவ் எப்படி இருக்கார்?"

"காய்கறி வாங்கப் போறான். முருங்கைக்காய் முத்தல்னு கடைக்காரனோட சண்டை போடறான்."

"பார்த்தேளா! நான் சொன்னேனோல்லியோ?"

"பிரேமலதாவை நாளைக்கு ஊருக்கு அனுப்பறா" என்றார் நாணு. "சங்கிலி போட்டுக் கட்டறதுக்கு."

ஸ்மிதாவின் பார்வை மேஜைக்குப் போயிற்று. அங்கே கயிறுகளும், பக்கத்தில் பொட்டு வைத்த காயிலும் இருந்தன. கதவோரம் பேராச்சி நின்றாள். ஸ்மிதாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பதறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாமா, நீங்க படிச்சவர், உங்களுக்குச் சொன்னாப் புரியும். அவாகிட்ட காயில் இல்லைன்னு நிறுத்தியிருந்தா பாதிப் பேர் திரும்பி வரவே மாட்டா. நம்பிக்கையே போயிடும். வெறும் நம்பிக்கையிலயே சில பேருக்குக் குணமாறதுன்னு எத்தனையோ ஸ்டடி இருக்கு."

"அவ்வளவு நல்லதுன்னா அதை மாதவுக்கு வெச்சிருக்கலாமே?"

ஸ்மிதா காயிலைத் தன் பக்கம் நகர்த்தினார்.

நாணு எழுந்து நின்றார். முப்பத்திரண்டு வருஷ வேலையில் அவர் யாரையும் பார்த்துக் கத்தியதில்லை என்பார்கள். அன்று கத்தினார். "மருந்தைக் கொடுக்காம கொடுத்தேன்னு சொன்னே. சரி, அது ஒரு பொய். அதோட விட்டியா? உன் மூளையிலதான் கோளாறு, உனக்கு ஏறாதுன்னு சொல்லி அனுப்பியிருக்கே! அவ அதை நம்பிண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கா! யாரைக் கேட்டுண்டு அவளை நிறுத்தினே? யாரைக் கேட்டே?"

"உங்களைத்தான் கேட்டேன் மாமா."

ஸ்மிதா கைப்பையிலிருந்து போனை எடுத்தார், பழைய செய்திகளை விரலால் மேலே மேலே தள்ளினார், ஒரு குரல் பதிவை அழுத்தி மேஜைமேல் வைத்தார்.

முதலில் மேளச் சத்தம். விசர்ஜன் ஊர்வலத்தின் டோல், தாசா மேளங்கள், பட்டாசு. அதற்கு நடுவே ஒரு மனிதர் கத்திப் பேசினார். அது தன் குரல்தான் என்று ஒப்புக்கொள்ள நாணுவுக்குச் சில நொடிகள் பிடித்தன.

"ஸ்மிதா, மெஷின்ல ப்ராப்ளம், இப்போ வர்றவா முடியற வரைக்கும் ரெண்டு வாரம் தள்ளணும்னு சொல்லாதே. மாதவ் நாளைக்கு ஆரம்பிச்சே ஆகணும். நேத்து மொட்டை மாடிக் கதவைத் திறந்துண்டு நின்னான். ரெண்டு வாரம் அவன் இருக்கமாட்டான். யாரை நிறுத்தணுமோ நிறுத்திக்கோ. அது யாருன்னு நேக்குத் தெரிய வேண்டாம்."

மறுபடியும் மேளச் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

"இதைத்தான் செஞ்சேன்" என்றார் ஸ்மிதா, மெதுவாக. "நீங்க தெரிய வேண்டாம்னேள். நானும் சொல்லலை."

பேராச்சி நாணுவைப் பார்த்தாள். ஸ்மிதாவிடம் 'கொஞ்சம் பார்த்துக்கோ' என்று மட்டும் சொன்னதாகத்தான் நாணு அவளிடமும் சொல்லியிருந்தார். அன்று வரை அவரும் அதையே நம்பியிருந்தார்.

கயிறுகளை எடுத்துக்கொண்டு நாணு வெளியே வந்தார். படிக்கட்டின் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பேராச்சி ஒரு படி மேலே உட்கார்ந்து காத்திருந்தாள்.

கடைசியில் அவர் தன் போனை எடுத்தார். "நான் அனுப்பினது என்கிட்டயும் இருக்கணுமே" என்று சொல்லிக்கொண்டார். தேடினார். இருந்தது. அதற்குக் கீழே ஸ்மிதாவின் பதிலும் இருந்தது: சரி மாமா, ஆஃப்டர்நூன் பேட்சுக்கு டம்மி காயில் வெச்சு அட்ஜஸ்ட் பண்றேன். கவலைப்படாதீங்கோ.

அந்தப் பதிலுக்குக் கீழே நாணு போட்டிருந்த, 'சரி' என்கிற மஞ்சள் கட்டைவிரல்.

படித்துவிட்டுத்தான் போட்டிருக்கிறார். அல்லது படிக்காமலே போட்டிருக்கிறார். எது என்று இன்றுவரை அவரால் சொல்ல முடியவில்லை.

"சார்" என்றாள் பேராச்சி. "அந்தம்மா இத வெளிய காட்டமாட்டாவ. நீங்களும் அழிச்சிட்டா அந்தம்மா பேச்சும் போயிரும், ஒங்க பேச்சும் போயிரும்."

"அழிக்கச் சொல்றியா?"

"அழிச்சா நான் ஒங்க முகத்துல முழிக்கமாட்டேன்னு சொல்லுதேன்."

நாணு தலையாட்டினார். "ட்ரஸ்டுக்கு ஒரு காப்பி. மெடிக்கல் கவுன்சிலுக்கு ஒரு காப்பி. பதினாலு பேர் பேரையும் ஷ்ருதி எழுதித் தருவா. என் பேரும் அதில இருக்கட்டும்."

"எந்த லைன்ல எழுத? பேஷண்ட் பக்கமா, டாக்டர் பக்கமா?"

அது அவளுடைய வழக்கமான கிண்டல்தான். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

*

மாலை நாலரை மணிக்கு நாணு மறுபடியும் அந்த இரும்பு ஏணியில் ஏறினார். இந்த முறை கைப்பிடியைப் பிடிக்கும்படி யாரும் சொல்லவில்லை. பேராச்சி அவருக்குப் பின்னால் வந்தாள். செல்வம் ஒரு துணிப் பையில் பிரேமலதாவின் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

நாணு சுற்றி வளைக்கவில்லை. "பிரேமலதா, உனக்கு மருந்து ஏறாமப் போகலை. பதிமூணாவது நாள்லேர்ந்து மருந்தே கொடுக்கலை. சத்தத்தை மட்டும் கொடுத்தா." ஊக்கு எகிறியதைச் சொன்னார். பொட்டைச் சொன்னார். பிறகு தன் போனை எடுத்து அந்தப் பேச்சை முழுவதும் போட்டுக் காட்டினார்.

விஜயலட்சுமி கேட்டு முடித்தாள். எழுந்து அவருக்கு நேரே வந்து நின்றாள். "ஒங்கள நம்பியா நான் கூப்பிட்டேன்? வெளிய போங்க சார்."

"இரு அக்கா" என்றது சுவரோரக் குரல்.

பிரேமலதா திரும்பினாள். எழுந்து உட்கார்ந்தாள். கலைந்த தலையில் இரண்டு ஹேர்பின்கள் தொங்கின. நாணுவின் முகத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கோபம். ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த முகத்தில் எதுவுமே இருந்ததில்லை.

"என் மெஷின எடுத்து ஒங்க தம்பிக்குக் குடுத்தீங்களா?"

"ஆமா."

"யாருதுன்னு கேக்கக்கூட இல்ல."

"கேக்கலை."

"அவரு நல்லாயிட்டாரா?"

கீழே ஒரு தையல் மெஷின் நின்றது. "ஆயிட்டான்" என்றார்.

பிரேமலதா செல்வத்தின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அது வேல செய்யுது" என்றாள். "அந்தப் பைய அவுரு. நான் கோயிலுக்கு வரல."

*

செல்வம் மறுநாள் டிக்கெட்டைக் கேன்சல் செய்தான். பிரேமலதாவுக்கு ஜனவரியில் வேறொரு ஆஸ்பத்திரியில் முதல் நாளிலிருந்து சிகிச்சை தொடங்கியது. இருபதாவது நாளில் தானாகத் தலை சீவினாள். முழுக்கக் குணம் என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரை தொடர்கிறது. வாரத்தில் நாலு நாள் அக்காவோடு கீழே பை தைக்கிறாள்.

மற்ற பதிமூன்று பேரில் ஒன்பது பேர் மறுபடி சிகிச்சைக்கு வந்தார்கள். மூன்று பேர் வர மறுத்தார்கள். ஒருவர் எங்கே போனார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பேராச்சி இன்னும் தேடுகிறாள்.

ட்ரஸ்ட் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஸ்மிதாவின் லைசென்ஸை ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். வருஷம் முடிந்ததும் சான்பாடாவில் புதிய போர்டு மாட்டினார். ஷ்ருதி சாட்சி சொன்னாள், வேலை போனது. இப்போது கோபர்கைரனேயில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

மாதவிடம் நாணுவே எல்லாவற்றையும் சொன்னார். மாதவ் பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. நோய்தான் திரும்பிவிட்டதோ என்று நாணு பயந்தார். அப்படி இல்லை; காய்கறிக்காரனிடம் பேசினான்.

நாணு அதற்குப் பிறகு கேஸ் எதுவும் எடுக்கவில்லை. யாராவது தேடி வந்தால் பேராச்சியின் கடைக்கு அனுப்புகிறார்.

அன்று நாணு அறையில் வைத்துவிட்டு வந்த அந்தப் பதினெட்டுக் கயிறுகளும் புதிய சிகிச்சையில் தீர்ந்துபோயின. முப்பது நாளைக்கு வேண்டிய மீதிப் பன்னிரண்டை நாணு வாங்கிக்கொண்டு ஏணி ஏறிப் போனார். விஜயலட்சுமி அதைக் கையால் தொடவில்லை. கடைக்குப் போய்த் தானே பன்னிரண்டு கயிறு வாங்கி வந்தாள்.